கெட்ட செய்தி தயங்காமல் வந்து சேர வேண்டும்: வைத்தியசாலை விடுதியைப் பரிவோடு வழிநடத்துவது எப்படி

விடுதிப் பொறுப்பை ஏற்கும் நாளில் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படுபவை பெரும்பாலும் பொருட்களே. மருந்து அலுமாரியின் திறப்பு, இருப்புப் பதிவேடு, கட்டில் விரிப்புகளின் கணக்கு, அடுத்த மாதக் கடமைப் பட்டியல் ஆகியவற்றில் கையொப்பம் வைத்துப் பெற்றுக்கொள்கிறோம். அந்த விடுதியில் வேலை செய்யும் இருபது முப்பது மனிதர்களை எப்படி நடத்துவது என்பதை எவரும் எழுதிக் கையளிப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகவும், அவற்றில் பதினொரு ஆண்டுகள் விடுதிப் பொறுப்புத் தாதியாகவும் கடமையாற்றிய நான், அந்தக் குறையைச் சிறிதளவாவது நிரப்பும் நோக்கத்துடன் இதை எழுதுகிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் தாதியரை மனதில் வைத்து எழுதினாலும், பிரதேச வைத்தியசாலையொன்றைத் தனியாகக் கொண்டு நடத்தும் வைத்தியருக்கும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தர்களை மேற்பார்வை செய்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பரிவு என்றால் எல்லோரிடமும் சிரித்த முகத்துடன் பேசுவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நோயாளிகளிடம் கனிவாக நடந்துகொண்ட அதே வாயால் சிற்றூழியரை அதட்டுவதில் எனக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை. என் எண்ணத்தை மாற்றிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்பது வயதை நெருங்கிய ஆச்சி ஒருவர் சலரோகத்துக்காக இன்சுலின் பெற்றுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வயிற்று ஸ்கான் இருந்ததால் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று இரவில் வாய்ச்சொல்லாகக் கூறப்பட்டது. மருந்துப் பத்திரத்தில் அது எழுதப்படவில்லை. காலையில் இன்சுலின் வழமைபோல ஏற்றப்பட்டது. சாப்பாட்டுத் தட்டும் வழமைபோல வைக்கப்பட்டது. ஆச்சி தனக்குச் சொல்லப்பட்டபடி அதைத் தொடவில்லை. தட்டை எடுக்க வந்த சிற்றூழியப் பெண், பாண் துண்டுகள் வைத்தபடியே இருப்பதைக் கண்டார். சற்று முன்னர் ஆச்சிக்கு ஊசி போட்டதையும் அவர் கண்டிருந்தார். ஆனால் எதுவும் சொல்லாமல் தட்டை எடுத்துச் சென்றார். ஒன்பதரை மணியளவில் ஆச்சி வியர்த்து நனைந்து, கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாத நிலையில் கிடந்தார். குருதியில் குளுக்கோசின் அளவு 38 ஆக இறங்கியிருந்தது. உடனே நாளத்தினூடாகக் குளுக்கோஸ் ஏற்றினோம். சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து, "பிள்ளை, தேத்தண்ணி தாறியளோ" என்று கேட்டார்.

அன்று மாலை அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, கண்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கண்டனான் மிஸ். சொன்னால் ஏச்சு விழும் எண்டு பேசாமல் இருந்திட்டன்" என்றார். மூன்று வாரங்களுக்கு முன்னர், ஒரு நோயாளியின் மருந்தைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வந்தபோது, விடுதி முழுவதும் கேட்க, "அது எங்களுக்குத் தெரியும், நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்று நான் சொல்லியிருந்தேன். எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

வழிநடத்துபவரின் பரிவு எங்கே வேலை செய்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். விடுதியில் மிகக் கீழ்நிலையில் இருப்பதாகக் கருதப்படும் ஒருவர் கண்ட கெட்ட செய்தி, பொறுப்பில் இருப்பவரிடம் எத்தனை நிமிடங்களில் வந்து சேர்கிறது என்பதில் நோயாளியின் உயிர் தங்கியிருக்கிறது. "பெரியாக்களோட ஏறிப் பேசாதை" என்று சொல்லியே நம்முடைய ஊரில் பிள்ளைகள் வளர்க்கப்படுகிறார்கள். வீட்டில் அது மரியாதையாக இருக்கலாம். ஆனால் விடுதியில் அதே பழக்கம் ஆளைக் கொன்றுவிடக்கூடும். அந்தத் தடையை உடைக்கும் கடமை பொறுப்பில் இருப்பவருக்கே உரியது, ஏனெனில் கீழே இருப்பவரால் அதை உடைக்க முடியாது.

கேட்பதிலிருந்து தொடங்குங்கள்

சுகாதாரத் துறையில் பரிவுமிக்க தலைமைத்துவத்தைப் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்த பிரித்தானிய உளவியலாளர் மைக்கேல் வெஸ்ற், அதை நான்கு செயல்களாகப் பிரிக்கிறார்: கவனித்துக் கேட்டல், நிலைமையை விளங்கிக்கொள்ளல், மற்றவரின் உணர்வைத் தானும் உணர்தல், உதவுதல். என் அனுபவத்தில் இந்த வரிசை முக்கியமானது. நம்மில் பெரும்பாலானோர் நான்காவதிலிருந்து தொடங்கி, கேட்காமலே உதவுகிறோம். மாலைக் கடமை வேண்டாம் என்று ஒரு தாதி கேட்டால், உடனே பட்டியலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பெரிய உதவி செய்ததாக எண்ணுகிறோம். காரணத்தைக் கேட்டிருந்தால், மாலை ஏழு மணிக்குக் கடமை முடிந்தபின் காரைநகர்ப் பக்கம் போக அவருக்கு பஸ் கிடைப்பதில்லை என்பது தெரியவந்திருக்கும். கையளிப்பைச் சுருக்கமாக முடித்து, அவரைக் குறித்த நேரத்துக்கு அனுப்பி வைத்தாலே போதுமாக இருந்திருக்கும்.

கேட்பதற்கு ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். காலைக் கையளிப்பு முடிந்ததும், வைத்திய நிபுணரின் சுற்று தொடங்குமுன், பத்து நிமிடம் போதும். தாதியரும் சிற்றூழியரும் ஒன்றாக நிற்க வேண்டும். நான் மூன்று கேள்விகளையே கேட்பேன். இன்று எந்த நோயாளியை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது? நேற்று எது சறுக்கப் பார்த்தது? இன்று உங்கள் வேலைக்கு எது தடையாக இருக்கப் போகிறது? இந்த வரிசையில், வயதிலும் பதவியிலும் குறைந்தவரிடமிருந்து கேட்கத் தொடங்குங்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் அதற்குத் தலையாட்டிவிடுவார். முதல் இரண்டு வாரங்கள் எவரும் எதுவும் சொல்லமாட்டார்கள். "ஒண்டுமில்லை மிஸ்" என்பதே பதிலாக இருக்கும். சலிப்படைய வேண்டாம். யாராவது ஒருவர் துணிந்து ஒரு சிறிய விடயத்தைச் சொல்லும் நாள் வரும். அன்று நீங்கள் எப்படி முகம் கொடுக்கிறீர்கள் என்பதை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நன்றி சொல்லுங்கள், அதே நாளில் அதற்கு ஏதாவது செய்யுங்கள், செய்ய முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்பதை மறுநாள் அதே இடத்தில் சொல்லுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இதில் அடங்கும். இங்கிலாந்தில் கேற் கிறேஞ்சர் என்ற வைத்தியர், தான் புற்றுநோயாளியாக வைத்தியசாலையில் இருந்தபோது, சிகிச்சை அளிக்க வந்தவர்களுள் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, 2013இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். நோயாளியிடம் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்பதே அதன் முழு வேண்டுகோள். அவர் 2016இல் காலமானார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பட்டியலை எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. பெயர் சொல்வது மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் கூறவரவில்லை. பட்டியலில் 19 விடயங்கள் உள்ளன. எனினும், ஒருமுறை வாய் திறந்து பெயரைச் சொன்னவருக்கு, பிழையைக் காணும்போது மறுபடி வாய் திறப்பது எளிதாகிறது. நமது விடுதிகளிலோ நோயாளி "பதினாலாம் கட்டில்" ஆகவும், சிற்றூழியர் "அங்கை நிக்கிற பிள்ளை" ஆகவும் இருக்கிறார்கள். பெயர் தெரிந்தும் கட்டில் இலக்கத்தால் குறிப்பிடும் பழக்கத்தை, பொறுப்பில் இருப்பவர் தன் வாயிலிருந்தே முதலில் நீக்க வேண்டும்.

இரவில் பேசும் துணிவைப் பழக்குங்கள்

கெட்ட செய்தி தயங்கி நிற்கும் நேரங்களில் மிக ஆபத்தானது இரவு இரண்டு மணி. தனியே நிற்கும் இளம் தாதி, உறங்கும் வைத்தியரை எழுப்பலாமா என்று யோசிக்கிறார். எழுப்பினால் எரிச்சல்படுவாரோ, விடிய இதைச் சொல்லிக் காட்டுவாரோ என்று பயப்படுகிறார். அவருக்குத் துணிவு வேண்டும் என்று அறிவுரை சொல்வதால் பயனில்லை. சொல்ல வேண்டிய வசனத்தை அவர் வாயில் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்து, பின்னர் வைத்தியசாலைகளுக்கு வந்த முறை ஒன்று உண்டு. இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கு படிகளில் செய்தியைச் சொல்வதே அது. அதை நான் இப்படிப் பழக்கினேன்:

"சேர், ஏழாம் விடுதியில இருந்து கதைக்கிறன். 62 வயது ஐயா ஒருத்தருக்கு அரை மணித்தியாலமா மூச்சு எடுக்கக் கஷ்டமா இருக்குது, ஒட்சிசன் 86க்கு இறங்கீட்டுது. நேற்று நெஞ்சு நோவோட வந்தவர். நெஞ்சில நீர் கோத்திட்டுது எண்டு நினைக்கிறன். நிமித்தி இருத்தி ஒட்சிசன் குடுத்திருக்கிறன். நீங்கள் இப்ப வந்து பாக்கவேணும்."

முதல் இரண்டு படிகளை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில் குரல் தாழும். "நீங்கள் இப்ப வந்து பாக்கவேணும்" என்ற கடைசி வசனத்தைப் பெரும்பாலானோர் விட்டுவிட்டு, "என்ன செய்யிறது சேர்?" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வசனத்தை, பகலில், ஆள் குறைந்த நேரத்தில், இருவர் இருவராக நிறுத்தி, சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள். வைத்திய நிபுணரிடமும் முன்கூட்டியே பேசி, இரவில் வரும் தேவையற்ற அழைப்புக்குக்கூட ஏசக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். மற்றவர்கள், எவரும் இதைத் தங்களிடம் கேட்டதில்லை என்றார்கள்.

மொழியையும் இவ்விடத்தில் கருத வேண்டும். தெற்கிலிருந்து உள்ளகப் பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்கள் சிலருக்குத் தமிழ் மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும். "நெஞ்சு அடைக்குது", "தலை அம்முது", "உடம்பு உளையுது" போன்ற நோயாளியின் சொற்கள் அவர்களிடம் சென்று சேர்வதற்குள் வேறொன்றாகிவிடும். அவர்களைத் தனியே விட்டுவிட்டுப் பின்னால் குறை சொல்வது தகாது. முதல் வாரத்திலேயே மூத்த தாதி ஒருவரை அவர்களுடன் சுற்றுக்கு அனுப்புங்கள், இப்படியான நாற்பது ஐம்பது சொற்களை எழுதிக் கொடுங்கள். 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வீட்டை விட்டு வெகு தூரம் வந்து, மொழி தெரியாமல் நிற்கும் இளம் வைத்தியருக்கு அதற்கான கையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பிழை நேர்ந்தபின்

ஒரு வழிநடத்துபவரை அவருடைய விடுதி எடை போடுவது பிழை நேர்ந்த முதல் மணித்தியாலத்தில்தான். முதலில் நோயாளியைப் பாருங்கள். அடுத்து, உறவினரிடம் நீங்களே சென்று, நடந்ததை ஒளிக்காமல், எளிய தமிழில் சொல்லுங்கள். இளம் தாதியை அதற்கு அனுப்ப வேண்டாம். மூன்றாவதாக, பிழை செய்தவரைப் பாருங்கள். அவர் நடுங்கிக்கொண்டிருப்பார். அந்த நிலையில் மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனால் அடுத்த பிழையும் நேரும். அரை மணி நேரம் அவரை இருத்தி, தேநீர் கொடுத்து, வேலையை வேறொருவருக்கு மாற்றுங்கள்.

விசாரணை அதற்குப் பிறகுதான். அது மூடிய கதவுக்குப் பின்னால், ஆனால் 24 மணித்தியாலங்களுக்குள் நடக்க வேண்டும். நாள் கடந்தால் ஒவ்வொருவரும் தம்மைக் காக்கும் கதையை உருவாக்கிவிடுவார்கள். "ஆர் செய்தது?" என்று தொடங்காமல் "எப்பிடி நடந்தது?" என்று தொடங்குங்கள். ஆச்சியின் விடயத்தை நான் அப்படிப் பின்னோக்கிப் பார்த்தபோது, வெறும் வயிறு என்பது எழுதப்படாமை, தட்டு வைக்கப்பட்டமை, ஊசி போடுமுன் "சாப்பிடப் போறீங்களோ" என்று கேட்கப்படாமை, கண்டவர் பேசாமல் இருந்தமை என நான்கு இடங்கள் தெரிந்தன. அவற்றுள் எந்த ஒன்று சரியாக இருந்திருந்தாலும் ஆச்சிக்கு எதுவும் நேர்ந்திராது. ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் விபத்துகளை விளக்கும்போது, ஓட்டைகளுள்ள பல தடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்போதே ஆபத்து ஊடுருவுகிறது என்றார். நாங்கள் செய்தது சிறிய வேலை. வெறும் வயிற்றோடு இருப்பவரின் கட்டில் தலைமாட்டில் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டோம். "சாப்பாடு இல்லை. இன்சுலின் போடுமுன் கேட்கவும்" என்று அதில் எழுதியிருந்தது. அட்டையைத் தொங்கவிடும் பொறுப்பை அந்தச் சிற்றூழியப் பெண்ணிடமே கொடுத்தேன்.

இதெல்லாம் மேலைநாட்டுப் பழக்கம், நமது ஆட்களிடம் செல்லாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நமது நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. கர்ப்ப காலத்திலோ மகப்பேற்றின் பின்போ ஒரு தாய் இறந்தால், அந்த மரணம் கட்டாயமாக அறிவிக்கப்பட்டு, வீட்டிலிருந்து வைத்தியசாலை வரை ஒவ்வொரு படியிலும் என்ன நடந்தது என்று ஆராயப்படுகிறது. குடும்ப சுகாதாரப் பணியகம் அதைத் தேசிய மட்டத்தில் மீளாய்வு செய்கிறது. குற்றவாளியைத் தேடுவது அதன் நோக்கம் அன்று. தாமதம் எங்கே நேர்ந்தது என்பதே தேடப்படுகிறது. நெடுந்தீவுத் தாய் ஒருவர் என்றால், படகுக்குக் காத்திருந்த நேரமும் அந்தக் கணக்கில் வரும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு நூற்றுக்கணக்கில் இருந்த தாய் மரணங்கள், அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலும் 40க்குள் நிற்பதற்கு, குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்போடு இந்த ஆராயும் பழக்கமும் ஒரு காரணம்.

பரிவு என்பது எல்லாவற்றையும் மன்னித்து விடுவதும் அன்று. களைப்பில் கை தவறியவரை ஆறுதல்படுத்த வேண்டும். அவசரத்தில் குறுக்கு வழி பிடித்தவருக்கு அதன் ஆபத்தைக் காட்டித் திருத்த வேண்டும். ஆபத்து என்று தெரிந்தும் அக்கறையின்றிச் செய்தவர்மீது, அல்லது செய்யாத ஊசியைச் செய்ததாகப் பதிந்தவர்மீது, எழுத்துமூலம் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். தொடர்ந்து பிந்தி வருபவரிடமும் அப்படித்தான். முதலில் தனியே காரணத்தைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்தத் திகதியிலிருந்து என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தத் திகதி கடந்தும் மாறாவிட்டால் தாதிய பரிபாலகருக்கு எழுதுங்கள். அவர் பிந்தும் ஒவ்வொரு அரை மணி நேரத்தையும் பன்னிரண்டு மணித்தியால இரவுக் கடமை முடித்து நிற்கும் ஒருவரே சுமக்கிறார். அவருக்கும் உங்கள் பரிவு உரியது.

பட்டியலும் பற்றாக்குறையும்

கடமைப் பட்டியலைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப் பற்றிய மனஸ்தாபங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், தைப்பொங்கல், தீபாவளி, நத்தார் ஆகியவையும் ஆண்டுதோறும் வருவன. சென்ற ஆண்டு யார் தேர் நாளில் நின்றார், யார் நத்தாருக்கு நின்றார் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் கணக்கைப் பற்றி முணுமுணுப்பு எழாது. உங்கள் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுச் சென்றார்கள். மருந்துத் தட்டுப்பாட்டையும் கண்டோம். ஆள் இல்லாத இடத்தில் "சமாளியுங்கோ" என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குத் திரும்புவது எளிது. அப்படியான நாட்களில் எதைச் செய்வது, எதைப் பிற்போடுவது என்று தெரிவு செய்வது பொறுப்பில் இருப்பவரின் வேலை. மருந்தும் நோயாளியின் அவதானிப்பும் முதலில், பதிவேட்டை அழகாக எழுதுவது நாளைக்கு என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இளையவர்கள் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்துவிட்டு, குற்ற உணர்வோடு வீடு போவார்கள். மருந்து இல்லை என்று உறவினர் சத்தமிடும்போது நீங்கள் முன்னால் நில்லுங்கள். தேவைப்பட்டால் கையுறை அணிந்து நீங்களும் ஒரு கட்டிலைப் பாருங்கள். ஆனால் எல்லா நாளும் அப்படிச் செய்தால், விடுதி முழுவதையும் பார்க்கும் கண் இல்லாமற்போகும்; உங்கள் உடலும் தாங்காது.

குறிப்பேடு

முன்னேற்றத்தை எப்படி அறிவது என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பிழை நேரப்போய்த் தப்பிய ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் எழுதுவதற்கு ஒரு சாதாரணக் கொப்பியைத் தாதியர் மேசையில் வையுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. அது நிறையத் தொடங்கினால் அஞ்ச வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் வைத்தியசாலை விடுதிகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக வழிநடத்தப்பட்ட குழுக்களிலேயே அதிக பிழைகள் பதிவாகியிருக்கக் கண்டு வியந்தார். அங்கே பிழைகளைப் பற்றி அச்சமின்றிப் பேசினார்கள் என்பதே அவர் கண்டறிந்த விளக்கம். என் விடுதிக் கொப்பியில் முதல் மாதம் எழுதப்பட்டிருந்தது இரண்டு வரிகள். ஓராண்டின் பின் ஒரு மாதத்திலேயே ஆறு பக்கங்கள் நிறைந்தன. அவற்றுள் ஒரு வரி, நான் எழுதிய கடமைப் பட்டியலில் ஒரே தாதியை இரவிலும் மறுநாள் காலையிலும் போட்டிருந்ததைச் சுட்டியது. அதையும் காலைக் கூட்டத்தில் நானே வாசித்தேன்.

வாரத்தில் ஒருநாள் அந்தக் கூட்டத்தை இளையவர் ஒருவர் நடத்தட்டும். நீங்கள் பின்வரிசையில் நின்று, அவர் தடுமாறினாலும் இடையில் புகாமல் இருங்கள். மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ விடுதியை விட்டுச் செல்லும் நாளில், மருந்து அலுமாரித் திறப்போடும் இருப்புப் பதிவேட்டோடும் அந்தக் கொப்பியையும் அடுத்தவர் கையில் கொடுங்கள். உங்கள் பிழைகள் எழுதப்பட்ட பக்கங்களைக் கிழிக்காமல் கொடுங்கள்.